மருந்து விளம்பரங்களை வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ், வார இதழ், தொலைக்காட்சி, இணைய ஊடக உரிமையாளர்களுக்கும் விளம்பரப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் சிற்றூர் ஒன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் மருந்துக் கடை நடத்தி ஓய்வு பெற்ற மருந்தாளுநர். கடையை விட்ட பிறகு, என் தொழிலின் பழைய வரலாற்றைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அதில் என்னை மிகவும் உறுத்தியது, விக்டோரியா அரசியின் காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த, உள்ளே இருப்பதை மறைத்து விற்கப்பட்ட ‘பேட்டன்ட் மருந்து’களின் கதை. அந்த மருந்துகளைச் செய்து விற்றவர்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய வாக்குறுதிகளை அச்சிட்டு வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்களைப் பற்றித்தான் நான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அதற்கு முன், என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மாதந்தோறும் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பாட்டி ஒருவர், ஒருநாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, எட்டாக மடித்து வைத்திருந்த ஒரு பத்திரிகைத் துண்டை என் மேசையில் விரித்தார். 48 நாளில் சர்க்கரை நோய் வேரோடு போய்விடும், அதன்பின் ஆயுளுக்கும் மாத்திரை தேவையில்லை என்று ஒரு சூரணத்துக்கான விளம்பரம் அதில் இருந்தது. அது கிடைக்குமா என்று கேட்டார். இதை நம்பாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று என்னால் முடிந்தவரை சொன்னேன். “பேப்பர்லயே போட்டிருக்கே தம்பி, பொய்யாவா போடுவாங்க?” என்று கேட்டுவிட்டு, மாத்திரை வாங்காமலே போய்விட்டார். நான்கு மாதம் கழித்து அவருடைய மகன் வந்து, அம்மாவின் காலில் ஆறாத புண்ணுக்குப் பஞ்சும் கட்டுத்துணியும் கேட்டார். பாட்டி மேசையில் விட்டுச் சென்ற அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் மறுபக்கத்தில் ஒரு குடிநீர்த் திட்டத்தைப் பற்றிய செய்தி பாதியில் அறுந்து நிற்கிறது. அது உண்மைச் செய்தி. அதே தாளில், அதே மையில், ஏறக்குறைய அதே எழுத்தில்தான் சூரணத்தின் வாக்குறுதியும் அச்சாகியிருக்கிறது. அந்தப் பாட்டி சூரணம் விற்றவரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவர் நம்பியது உங்களைப் போன்ற ஒருவரின் பத்திரிகையை.

இனி விக்டோரியா காலத்துக்கு வருகிறேன். ‘பேட்டன்ட் மருந்து’ என்று பெயரே தவிர, அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. காப்புரிமை வேண்டுமானால் உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் இரகசியம் போய்விடும், இரகசியம் போனால் வியாபாரமும் போய்விடும். ஆகவே பெயரையும் பெட்டியின் தோற்றத்தையும் மட்டும் காத்துக்கொண்டு, உள்ளிருப்பதை மூடி மறைத்தார்கள். இதற்கு அரசாங்கமும் தன்னை அறியாமல் துணை நின்றது. 1783இல் கொண்டுவரப்பட்ட மருந்து முத்திரை வரியின்படி, இத்தகைய ஒவ்வொரு பெட்டியின் மேலும் புட்டியின் மேலும் அரசாங்க முத்திரைத்தாள் ஒட்டப்பட வேண்டும். அது வெறும் வரி வசூல்தான். ஆனால் அரசாங்கத்தின் பெயர் பொறித்த தாளைக் கிழித்துப் பெட்டியைத் திறக்கும் ஒரு நெசவாலைத் தொழிலாளி, அரசாங்கமே பார்த்துச் சரி சொன்ன மருந்து என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? 1908ஆம் ஆண்டு வாக்கில் ஓராண்டுக்கு 4 கோடிக்கும் மேற்பட்ட முத்திரைகள் இப்படி ஒட்டப்பட்டன. அந்த வரி 1941இல்தான் நீக்கப்பட்டது.

முத்திரை ஒருபுறம் நம்பிக்கையைக் கொடுத்தது என்றால், பத்திரிகை அதைவிடப் பெரிய அளவில் கொடுத்தது. இங்கிலாந்தில் விளம்பரங்கள் மீதான வரி 1853இலும், செய்தித்தாள் முத்திரை வரி 1855இலும், காகித வரி 1861இலும் நீக்கப்பட்டன. பத்திரிகை விலை குறைந்து, ஏழைகளின் கைக்கும் வந்தது. இது மகத்தான மாற்றம், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒரு பென்னிக்கு விற்ற தாளின் செலவை ஈடுகட்டியது விளம்பரப் பணம், அந்த விளம்பரப் பணத்தில் முன்வரிசையில் நின்றவர்கள் மாத்திரை வியாபாரிகள். 1837இல் இலண்டனில் ஒரு களிம்போடு தொழிலைத் தொடங்கிய தாமஸ் ஹாலவே, 1842இல் விளம்பரத்துக்கு 5,000 பவுண்டு செலவழித்தார், 1883இல் அவர் இறக்கும் காலத்தில் அது ஆண்டுக்கு 50,000 பவுண்டாக வளர்ந்திருந்தது. அந்த இலாபத்தில் அவர் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி கட்டினார், 1886இல் விக்டோரியா அரசியே அதைத் திறந்து வைத்தார். அங்கே படித்த பெண்களின் வாழ்வு உயர்ந்ததை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு செங்கல்லும் யாரோ ஒரு நோயாளி நம்பிக் கொடுத்த சில்லறை என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை.

உள்ளே என்ன இருந்தது என்பது வெகுகாலம் பொதுமக்களுக்குத் தெரியாது. பிரித்தானிய மருத்துவச் சங்கம் இத்தகைய மருந்துகளைக் கடையில் வாங்கிப் பகுத்தாய்ந்து, 1909இல் ஒரு நூலாகவே வெளியிட்டது. அன்றைக்கு மிகப் புகழ்பெற்றிருந்த பீச்சம் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் ஹெலன்ஸ் நகரில் தயாரான அந்த மாத்திரைக்கு, ‘ஒரு பெட்டி ஒரு கினி பெறும்’ என்பதுதான் முழக்கம். ஒரு கினி என்பது 21 ஷில்லிங். வாயுத் தொல்லை, தலைவலி, தலைச்சுற்றல், தோல் தடிப்பு, தூக்கமின்மை, கெட்ட கனவு எனப் பல குறைகளுக்கும் அதை விளம்பரம் செய்தார்கள். பகுத்துப் பார்த்தபோது கிடைத்தவை மூன்று: கற்றாழைச் சாற்றை உலர்த்தி எடுக்கும் கரியபோளம், சுக்கு, சோப்பு. கரியபோளம் பேதி மருந்து. மலச்சிக்கலுக்கு அது வேலை செய்திருக்கும், மறுப்பதற்கில்லை. 56 மாத்திரைகள் கொண்ட பெட்டியின் விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி, அதாவது பதின்மூன்றரைப் பென்னி. உள்ளிருந்த சரக்கின் மதிப்போ, ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. சரக்கின் மதிப்பைப் போல் நூறு மடங்குக்கும் மேலான விலையை மக்கள் கொடுத்தது எதற்காக? பெருமளவுக்கு, பத்திரிகையில் அவர்கள் படித்த சொற்களுக்காக.

பேதி மாத்திரையோடு நின்றிருந்தால் இந்த மடலை நான் இவ்வளவு மன வேதனையோடு எழுதியிருக்க மாட்டேன். ஆலை நகரங்களில், பிறந்து சில வாரமே ஆன குழந்தையைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய்மார்கள் வேலைக்குப் போனார்கள். குழந்தை அழாமல் இருப்பதற்கு ‘காட்ஃப்ரே கார்டியல்’ என்ற இனிப்புப் பாகை ஊட்டினார்கள். அதில் இருந்தது கரும்புப் பாகும் வாசனைச் சரக்கும் அபினும். ‘மிசஸ் வின்ஸ்லோவின் சூத்திங் சிரப்’ என்று அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொன்றில் அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் இருந்தது. பல் முளைக்கும் குழந்தைக்கு ஏற்றது என்று சொல்லி, தாயும் சேயும் சிரித்திருக்கும் படத்தோடு அதை விளம்பரம் செய்தார்கள். அபின் அழுகையை அடக்கியது, அதோடு பசியையும் அடக்கியது. பாலுக்கு அழாத குழந்தை சத்தமில்லாமல் மெலிந்து போனது. சில குழந்தைகள் அளவு மிஞ்சி உறக்கத்திலேயே இறந்தன. 1868இல் வந்த மருந்தகச் சட்டம் அபின் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது, ஆனால் பேட்டன்ட் மருந்துகளுக்கு விலக்கு அளித்துவிட்டது. 1890களின் தொடக்கத்தில்தான், உண்மையிலேயே காப்புரிமை பெற்றவற்றுக்கு மட்டுமே அந்த விலக்கு பொருந்தும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அப்போது வழக்கில் சிக்கிய ஒரு மருந்துக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ஜான் காலிஸ் பிரௌன் காலராவுக்காக உருவாக்கிய ‘குளோரோடைன்’தான் அது. அபின் கரைசல், கஞ்சா, குளோரோஃபார்ம் மூன்றும் அதில் சேர்ந்திருந்தன. வயிற்றுப்போக்கை அது நிறுத்தும் என்பது உண்மை. பலரை அடிமையாக்கியது என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டுமே விளம்பரம் சொன்னது.

உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒரு நாளிதழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1891 நவம்பர் 13 அன்று இலண்டனின் ‘பால் மால் கெசட்’ இதழில் ‘கார்பாலிக் ஸ்மோக் பால்’ என்ற சாதனத்தின் விளம்பரம் வெளிவந்தது. அது குழாய் பொருத்திய ஒரு ரப்பர் பந்து, உள்ளே கார்பாலிக் அமிலம் கலந்த தூள். பந்தை அமுக்கினால் தூள் புகைபோல் மூக்கில் ஏறும், மூக்கு ஒழுகும், அத்துடன் சளிக்காய்ச்சல் அண்டாது என்றார்கள். விலை 10 ஷில்லிங். சொன்னபடி பயன்படுத்தியும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருவோம், அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்று விளம்பரம் உறுதி கூறியது. இரண்டு ஆண்டுகளாக இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய் மக்களை வாட்டிக்கொண்டிருந்த நேரம். லூயிசா கார்லில் என்ற பெண்மணி அதை வாங்கி, ஒருநாள் விடாமல் மூன்று வேளையும் உறிஞ்சினார். 1892 ஜனவரி 17 அன்று அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவர் பணத்தைக் கேட்டபோது நிறுவனம் நீதிமன்றத்தில் சொன்ன பதில், விளம்பரத்தில் எழுதியதை யாரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது. 1892 டிசம்பர் 7 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, 100 பவுண்டைக் கொடுக்க வைத்தது. நம் சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் அனைவருக்கும் இந்த வழக்கு தெரியும். அந்தப் பெண்மணி ஒரு நாளிதழில் படித்துத்தான் அதை நம்பினார் என்பது மட்டும் பாடத்தில் அழுத்தம் பெறுவதில்லை.

அதே பால் மால் கெசட் 1893இல் வேறொரு வேலை செய்தது. இலண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் கடை விரித்து, இடுப்பில் கட்டிக்கொண்டால் நோயெல்லாம் தீரும் என்று ‘மின்சார பெல்ட்’ விற்றுவந்த கார்னிலியஸ் ஹார்னஸ் என்பவரின் வியாபாரத்தைத் தொடர் கட்டுரைகளால் அம்பலப்படுத்தியது. அவருடைய நிறுவனம் சரிந்தது. பத்திரிகை நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம். ஆனால் அப்படி நினைத்தவர்கள் சிலரே. நான் முன்னே குறிப்பிட்ட மருத்துவச் சங்கத்தின் நூல் 1909இல் வெளிவந்தபோது, அதற்கான கட்டண விளம்பரத்தை ஏற்கவே பல நாளிதழ்கள் மறுத்துவிட்டன. பேட்டன்ட் மருந்துகளின் விளம்பரச் செலவு ஆண்டுக்கு 20 இலட்சம் பவுண்டு என மதிப்பிடப்பட்ட காலம் அது. 1912இல் நாடாளுமன்றம் அமைத்த தேர்வுக் குழு இரண்டு ஆண்டுகள் சாட்சிகளை விசாரித்து, எந்தக் கலவையை எந்த நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்தாலும் தடுக்க வழியில்லாத நிலையில் சட்டம் இருக்கிறது என்று கண்டறிந்தது. அறிக்கை வெளிவந்த நாள் 1914 ஆகஸ்ட் 4. அன்றுதான் பிரிட்டன் போரில் இறங்கியது, அறிக்கையைப் படிக்க ஆளில்லாமல் போயிற்று. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் வர அந்த நாட்டுக்கு 1939 வரை ஆனது.

நம் நிலை அப்படி இல்லை. ஆட்சேபத்துக்குரிய மருந்து விளம்பரங்களையும் மாய மருந்துகளையும் தடுக்கும் சட்டம் நமக்கு 1954 முதல் இருக்கிறது. அதன் அட்டவணையில் உள்ள 54 நோய்களில் நீரிழிவும் ஒன்று. அந்த நோயைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வது குற்றம். விளம்பரத்தை அச்சிடுவதும் அதை வெளியிடுவதில் பங்குகொள்வதே என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ‘விளம்பரங்களின் உண்மைத்தன்மைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று நீங்கள் எண்ணுவீர்களானால், அந்த வரியை அந்தப் பாட்டியால் படிக்க முடிந்திருக்காது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். எனக்கே கண்ணாடி போட்டுத்தான் அது தெரிகிறது.

நான் சித்த மருத்துவத்துக்கோ ஆயுர்வேதத்துக்கோ எதிரி அல்லேன். என் தாத்தா நாட்டு வைத்தியர். நாடி பார்க்காமல், நாக்கைப் பார்க்காமல், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்காமல் அவர் ஒருவருக்கும் மருந்து கொடுத்ததில்லை. முகம் பார்க்காமல் இலட்சம் பேருக்கு ஒரே வாக்குறுதி கொடுப்பவர்கள் அவருடைய மரபைச் சேர்ந்தவர்கள் அல்லர். செய்தித்தாளின் விலை அச்சுக் கூலிக்கும் போதாது என்பதும், மருந்து விளம்பரம் முன்பணமாக வரும் வருமானம் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நெருக்கடியை உணர்ந்துதான் கேட்கிறேன்.

உங்கள் விளம்பரக் கட்டண அட்டையில் ஒரு வரியைச் சேருங்கள். நோயைத் தீர்ப்பதாகச் சொல்லும் எந்த விளம்பரமும், உள்ளடக்கப் பட்டியலும் உற்பத்தி உரிம எண்ணும் இணைக்கப்படாமலும், பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் வாசகத்தைப் படித்து ஒப்புதல் தராமலும் ஏற்கப்படாது என்று அதில் இருக்கட்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள நோய்கள் என்றால், எந்தத் தாள் இணைத்தாலும் ஏற்கப்படாது என்று அதன் கீழேயே எழுதுங்கள். ஏற்கெனவே வெளியிட்டு, பிறகு தவறென்று தெரியவந்தவற்றுக்கு, விளம்பரம் வந்த அதே பக்கத்தில் அதே அளவில் மறுப்பு போடுங்கள். அதற்கும் முன்பாக, இந்த வாரம் வந்து குவிந்திருக்கும் விளம்பரங்களில் சர்க்கரை நோய்க்கானது ஏதேனும் இருந்தால், அதை மட்டுமாவது அச்சுக்கு அனுப்பாமல் எடுத்து வைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்