வாஷர் மாற்ற ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

வீடு கட்ட மேஸ்திரி கிடைக்கிறார். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் கிடைப்பதில்லை. 'சின்ன வேலைம்மா, நாளைக்கு வர்றேன்' என்பார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஒருவர் வந்தார். கழற்றிப் பார்க்காமலே முழுக் குழாயையும் மாற்றச் சொன்னார். உள்ளே நைந்திருந்தது கறுப்பு ரப்பர் துண்டு மட்டும்தான்!

அவர்களையும் குறை சொல்ல முடியாது. அரை மணி வேலைக்கு அலைந்தால் கட்டுப்படியாகாது. வந்து பார்க்கத் தனிக்கூலி கொடுக்க நான் தயார். முன்கூட்டியே சொன்னால் சரி.

ஐ.டி.ஐ.யில் பிளம்பர் படிப்பு 1 ஆண்டு, எலக்ட்ரீஷியன் 2 ஆண்டு. படித்து முடித்த உள்ளூர்ப் பிள்ளைகளின் தொலைபேசி எண்களையும் கூலி விவரத்தையும் மாநகராட்சி மண்டல அலுவலகங்களில் எழுதி வைக்கலாமே. என்னைப் போல் தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு, முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விடும் பயமும் குறையும்.

– வாசகி, எல்லீஸ் நகர், மதுரை