நன்னெறிக் கல்வி நேரத்தில் வாரம் ஒரு பாடவேளையைத் தத்துவக் கலந்துரையாடலுக்கு ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
கல்வித் தலைமை இயக்குநர் அவர்கள்,
மலேசியக் கல்வி அமைச்சு, புத்ராஜெயா.

வழி: மாவட்டக் கல்வி அதிகாரி, கோல கங்சார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தமிழ்ப்பள்ளிகளில் நன்னெறிக் கல்விக்கென இப்போது இருக்கும் நேரத்திலேயே வாரம் ஒரு பாடவேளையை, அதாவது 30 நிமிடத்தை, மாணவர்கள் தாங்களே கேள்வி எழுப்பிக் காரணம் சொல்லிப் பேசும் தத்துவக் கலந்துரையாடலுக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டு இம்மனுவை அனுப்புகிறோம். புதிய பாடம் கேட்கவில்லை. புதிய தேர்வும் கேட்கவில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் மனு என்றால் கட்டட மானியம் பற்றியதாகத்தான் இருக்கும் என்று அலுவலகத்தில் எண்ணியிருக்கலாம். அந்த மனுக்கள் தனியே வரும்.

தேசியக் கல்வித் தத்துவம் 1988-இல் வகுக்கப்பட்டு 1996-இல் திருத்தப்பட்டது. அறிவு, ஆன்மீகம், உள்ளம், உடல் ஆகிய நான்கும் ஒருங்கே வளர்ந்த மனிதரை உருவாக்குவதே கல்வி என்று அது சொல்கிறது. பள்ளிச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள், பாடநூல்களிலும் அச்சிட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஆறாண்டுத் தொடக்கப்பள்ளியிலும் ஐந்தாண்டு இடைநிலைப்பள்ளியிலும் தத்துவம் என்று ஒரு பாடவேளை கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வுப் பாடங்களிலும் அது இல்லை. பிறகு திடீரென்று, பொதுப் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்ததும், 'தத்துவமும் நடப்பு விவகாரங்களும்' என்ற பாடம் எல்லாருக்கும் கட்டாயமாகிவிடுகிறது. 2019-இல் வந்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு என்பதே எங்கள் எண்ணம். ஆனாலும் பத்தொன்பது இருபது வயதில்தான் ஒரு பிள்ளை முதன்முதலாக "ஏன் அப்படி?" என்று முறையாகக் கேட்கக் கற்கவேண்டுமா?

இம்மனுவை வரையும் நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். என்னிடம் படித்த பெண்ணொருத்தி, இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் நன்னெறியில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவள், பல்கலைக்கழகம் சென்ற சில வாரங்களில் தொலைபேசியில் அழைத்தாள். "சார், விரிவுரையாளர் எது சரியான விடை என்று சொல்லவே மாட்டேன் என்கிறார். என் கருத்தை நானே நிறுவவேண்டுமாம். எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டாள். பதினோராண்டு நன்னெறி படித்தவளின் கேள்வி இது. குறை அவளிடம் இல்லை.

நன்னெறிக் கல்வி எப்படி நடந்துவந்திருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் எஸ்.பி.எம். மாணவர்கள் 36 நெறிகளையும் அவற்றின் விளக்கங்களையும் சொல் மாறாமல் மலாய் மொழியில் மனனம் செய்தார்கள். 'நீதி' என்றால் என்ன என்று கேட்டால் ஒரு வரி. அந்த வரியில் ஒரு சொல் விடுபட்டால் மதிப்பெண் போயிற்று. பேருந்தில் அந்த வரிகளை முணுமுணுத்துக்கொண்டே பள்ளிக்குப் போன பிள்ளைகள் இன்று பெற்றோராகி இம்மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இப்போது கலைத்திட்டம் மாறிவிட்டது. அந்த மனனமும் குறைந்துவிட்டது. அதை மனமார ஏற்கிறோம். பழக்கம்தான் போகவில்லை.

ஒரு சான்று. எங்கள் வட்டாரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பயிற்சித்தாளைப் பார்த்தோம். "உன் நண்பன் தேர்வில் பார்த்து எழுதுவதைக் கண்டால் நீ என்ன செய்வாய்?" என்பது கேள்வி. "ஏன் பார்த்து எழுதுகிறாய் என்று முதலில் அவனையே கேட்பேன். அவனுடைய அம்மா மருத்துவமனையில் இருந்தால் படித்திருக்க மாட்டான். அப்போது ஆசிரியரிடம் அதையும் சேர்த்துச் சொல்வேன்" என்று எழுதியிருந்தான். சிவப்புக் கோடு குறுக்கே ஓடியது. எதிர்பார்த்த விடை: "ஆசிரியரிடம் தெரிவிப்பேன். நெறி: நேர்மை." அந்த ஆசிரியரைக் குறை சொல்லும் எண்ணம் எங்களுக்கில்லை. கையில் விடைப்பட்டியும், முடிக்கவேண்டிய பாடத்திட்டமும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 முதல் 6 வரை பதிவுசெய்யவேண்டிய அடைவுநிலையும் இருக்கும்போது அவர் வேறென்ன செய்வார்? ஆனால் அன்று அந்தச் சிறுவன் செய்தது நன்னெறிச் சிந்தனை. விடைப்பட்டி கேட்டது நெறியின் பெயரை.

உயர்நிலைச் சிந்தனைக்கென அமைச்சு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2013-இல் தொடங்கிய கல்விப் பெருந்திட்டம் அதைத்தான் முன்னே வைத்தது. ஐ-திங்க் திட்டத்தின் எட்டு சிந்தனை வரைபடங்களும் எங்கள் பள்ளிகளுக்கு வந்துசேர்ந்தன. குமிழி வரைபடம், மர வரைபடம், பால வரைபடம் எல்லாம் பிள்ளைகள் அழகாக வரைவார்கள், வண்ணமும் தீட்டுவார்கள். பல வகுப்புகளில் நடப்பது என்னவென்றால், குமிழிக்குள் எழுதவேண்டியதை ஆசிரியர் வெண்பலகையில் எழுதிவிடுகிறார். பிள்ளைகள் பார்த்துப் படியெடுக்கிறார்கள். படம் வரைய நேரமிருக்கிறது, பேச நேரமில்லை. எங்கள் குறை இவ்வளவுதான்.

பேசவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். இங்குள்ள கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் நாங்களாகவே ஒரு வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். ஒருமுறை வாய்மை அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிற 292-ஆம் குறளுக்கு வந்தபோது, எப்போதும் வாய் திறக்காத ஒரு பெண் கை தூக்கினாள். அவளுடைய தாத்தாவுக்குச் சர்க்கரை முற்றிக் காலை எடுக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டில் பாட்டியிடம், "சின்னப் புண்தான், ஆறிவிடும்" என்று சொல்லிவைத்திருந்தார்கள். "நன்மை என்று அப்பா முடிவு செய்தார். பாட்டியைக் கேட்டால் அவர் வேறு மாதிரி சொல்லியிருப்பார். நன்மையா இல்லையா என்று யார் முடிவு செய்யவேண்டும்?" என்று கேட்டாள். பிறகு அரைமணி நேரம் என் வேலை அடுத்து யார் பேசுவது என்று கை காட்டுவது மட்டுமாக இருந்தது. பொய் சொன்னவரே நன்மையையும் அளந்தால் அந்த அளவு செல்லாது என்றான் ஒரு பையன். அப்படியானால் ஒரு வயதுத் தம்பிக்கு ஊசி வலிக்காது என்று சொல்வதும் தப்பா என்று இன்னொருத்தி மடக்கினாள். வயதில் சிறியவனுக்குச் சொல்லலாம், பாட்டிக்குச் சொல்லக்கூடாது என்றால் அந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்று தேடத் தொடங்கினார்கள். மனனப் போட்டியில் அதே குறளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள்தாம் இவர்கள்.

இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மாத்யூ லிப்மன் 1970-களில் இதைப் பள்ளிகளுக்கெனவே உருவாக்கினார். பிள்ளைகள் கூடி ஒரு கதையை வாசிக்கிறார்கள், அவர்களே கேள்விகளை எழுதுகிறார்கள், எதைப் பேசுவது என்று அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆசிரியர் விடை தருவதில்லை, காரணம் கேட்கிறார். நம் நாட்டிலேயே பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ரோஸ்னானி ஹாஷிம் இதனை 'ஹிக்மா' (ஞானம்) கற்பித்தல் என்ற பெயரில் வளர்த்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்துவந்திருக்கிறார். தத்துவம் என்றதும் சமய நம்பிக்கையைக் கலைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் அலுவலகத்தில் எழக்கூடும். இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஒன்றே அதை ஏற்று நடத்தியிருப்பது அந்தத் தயக்கத்துக்குப் போதுமான பதில் என்று நம்புகிறோம். நாட்டின் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவில் முதலாவதாக உள்ள இறைநம்பிக்கையைக் காலை சபைகூடலில் உரக்கச் சொல்லும் பிள்ளைகள்தாம் எங்கள் பிள்ளைகள்.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இம்முறையால் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னேற்றம் வரும் என்று இங்கிலாந்தில் 2015-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. மேலும் பெரிய அளவில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில் வாசிப்புத் திறனில் அப்படியொரு முன்னேற்றம் தென்படவில்லை. ஆகவே மதிப்பெண் உயரும் என்று நாங்கள் வாக்குத் தரவில்லை. எங்கள் தேவை வேறு.

அந்தத் தேவை இந்த ஊரோடு சேர்ந்தது. தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. கொட்டகைகளில் நடந்த அப்பள்ளிகள் எழுத்தையும் கணக்கையும் ஓரளவு கற்றுத்தந்தன. கேள்வி கேட்கும் பிள்ளை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் காலைக் கூட்டத்தில், பெயர் கூப்பிட்டால் பதில் சொன்னால் போதும். ஆனாலும் கேள்விகள் எழாமலில்லை. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தலைமுறையாகப் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவனுக்கு அந்த மண்ணில் என்ன உரிமை என்று இந்த வட்டாரத்து மக்கள் கேட்டார்கள். இந்த ஊரில் பிறந்து, இதே தொகுதியை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொழிலாளர்களின் பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தக் கேள்விக்கு ஒரு செயல்வடிவப் பதில். நிலம் யாருக்கு உரியது, காகிதம் வைத்திருப்பவனுக்கா உழைத்தவனுக்கா என்பது நீதியைப் பற்றிய தத்துவக் கேள்வி. லயத்தை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை) காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த வீட்டுப் பிள்ளைக்கு அது பாடநூல் கேள்வியும் அன்று. நன்னெறிப் பாடத்தில் அவன் 'நீதி' என்று எழுதுகிறான். அதைப் பற்றி ஒரு நாளாவது பேசவேண்டாமா?

150 மாணவருக்குக் குறைவான பள்ளி குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்தப்படுகிறது. தோட்டப்புறப் பள்ளிகள் பல அந்த வகையில் வருகின்றன. மிகச் சில பிள்ளைகளே எஞ்சிய இடங்களில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் சேர்த்துக் கூட்டு வகுப்பு நடத்துகிறார்கள். எல்லாருக்கும் அது கவலை. ஆனால் எல்லாரும் பேசி எல்லாரும் கேட்கவேண்டிய இந்த ஒரு வேலைக்குப் பத்துப் பதினைந்து பேர் கொண்ட கலப்பு வயது வகுப்பைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. நாற்பது பேர் நிறைந்த நகரப்பள்ளி வகுப்பில் இதைத் தொடங்குவதுதான் கடினம்.

ஆகவே நாங்கள் வேண்டுவது: கோல கங்சார் மாவட்டத்தில் விருப்பம் தெரிவிக்கும் குறைந்த மாணவர் தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை, வாரம் ஒரு நன்னெறிப் பாடவேளையை இவ்வகையில் நடத்த ஓராண்டுக்கு முன்னோட்ட அனுமதி அளிக்கவேண்டும். அந்த 30 நிமிடத்துக்கு மதிப்பெண்ணும் கூடாது, அடைவுநிலைப் பதிவும் கூடாது; பதிவு என்று வந்தால் பழையபடி விடை தேடத் தொடங்கிவிடுவார்கள். பள்ளிக்கு ஓர் ஆசிரியருக்கேனும் ஹிக்மா முறையில் பயிற்சி கிடைக்க அமைச்சு ஏற்பாடு செய்யவேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் தமிழ்ப் பிரிவிலும் அது ஒரு பகுதியாகட்டும். பாடப்பொருளை மலாயிலிருந்து மொழிபெயர்த்துத் தருவதோடு நின்றுவிட வேண்டாம். சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையை எடுத்துவைக்க ஒரு பெண் பொறுமையாக நின்று கேட்டு எடைபோடும் மணிமேகலையின் 27-ஆம் காதை தமிழில்தான் இருக்கிறது. அதைப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற கதையாக எழுதித் தர இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊதியமின்றி முன்வந்திருக்கிறோம். நன்னெறி விடைப்பட்டிகளில் 'பொருத்தமான காரணத்துடன் கூடிய பிற விடைகளும் ஏற்கப்படும்' என்ற ஒரு வரியைச் சேர்க்கவும் வேண்டுகிறோம். இதற்குச் செலவே இல்லை.

2027 முதல் புதிய பள்ளிக் கலைத்திட்டம் என்று அமைச்சு அறிவித்திருக்கிறது. பாடநூல்கள் அச்சேறி, பாடவேளைகள் முடிவாகிச் சுற்றறிக்கை வந்துவிட்டால் மாவட்ட அலுவலகத்தாலும் தலைமையாசிரியராலும் எதுவும் செய்ய இயலாது என்பதால்தான் இப்போதே தங்களுக்கு எழுதுகிறோம்.

முன்னோட்டத்துக்குச் சம்மதம் தெரிவித்த பெற்றோரின் கையெழுத்துகளையும், சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் எழுப்பிய கேள்விகளின் பட்டியலையும், மேலே சொன்ன பயிற்சித்தாளின் நகலையும் (மாணவர், பள்ளி பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன) இத்துடன் இணைத்திருக்கிறோம். அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்க்க விரும்பினால் எந்தச் சனிக்கிழமை மாலையும் வரலாம். முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதில்லை. கோரிக்கையை ஏற்க இயலாது என்று முடிவானால், அதற்கான காரணங்களை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அவற்றைப் பிள்ளைகளிடமும் வாசித்துக் காட்டுவோம்.

நன்றி.

இக்கண்,
சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சார்பில்

நகல்: பேராக் மாநிலக் கல்வி இயக்குநர், ஈப்போ
நகல்: கலைத்திட்ட மேம்பாட்டுப் பிரிவு, கல்வி அமைச்சு, புத்ராஜெயா