மேலங்கியைக் கழற்றியவன் யார்?

அன்புள்ள இளங்கோவுக்கு,

அம்மா எழுதுவது. வரும் பருவத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத் தாள் உனக்கு வந்திருக்கிறது, அதில் மத வேடமும் ஒழுக்க வேடமும் பற்றிய பகுதியை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ கவனமாக இல்லாவிட்டால் பிள்ளைகள் இந்தப் பகுதியை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். 'படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்' என்று ஒருவன் சொல்வான், வகுப்பு சிரிக்கும், அதோடு சரி. அந்த நூற்றாண்டு எழுத்தாளர்கள் அங்கே நின்றுவிடவில்லை. ஊரை ஏமாற்றுகிறவன் ஒருவன், தன்னையே ஏமாற்றிக்கொள்கிறவன் இன்னொருவன். சொல்வதை மனதார நம்பியும் அதன்படி நடக்க முடியாமல் விழுகிறவன் வேறு, சட்டத்துக்குப் பயந்து வேடம் போடுகிறவன் வேறு. இவர்களைப் பிரித்துப் பார்க்கப் பழக்கிவிட்டாயானால் உன் வேலை முக்கால்வாசி முடிந்தது.

சட்டத்திலிருந்து தொடங்குப்பா. அது தெரியாமல் இந்த நூற்றாண்டு ஏன் வேடத்தைப் பற்றி இவ்வளவு பேசியது என்பது புரியாது. 1661-ஆம் ஆண்டு கார்ப்பரேஷன் சட்டப்படி, நகராட்சிப் பதவிக்கு வருகிறவர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இங்கிலாந்துத் திருச்சபை முறையில் திருவிருந்து எடுத்திருக்க வேண்டும். 1673-ஆம் ஆண்டு டெஸ்ட் சட்டம் அதை அரசாங்க உத்தியோகத்துக்கும் படைப் பதவிக்கும் நீட்டியது. திருவிருந்து எடுத்ததற்குக் குருவானவரும் கோயில் நிர்வாகியும் கையெழுத்திட்ட சான்றிதழை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும், இரண்டு சாட்சிகளையும் நிறுத்த வேண்டும். கிறிஸ்துவின் நினைவாக உண்ணும் அப்பம் உத்தியோகத்துக்கான தாளாகிவிட்டது. திருச்சபையை ஏற்காத மாற்றுச் சபையாரில் பலர் பதவிக்காக ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போய் மண்டியிட்டுவிட்டு, மறுவாரமே தங்கள் சபைக்குத் திரும்பினார்கள். 1697-இல் லண்டன் மேயரான சர் ஹம்ஃப்ரி எட்வின் பதவிச் சின்னங்களோடே தம் சபைக் கூட்டத்துக்குப் போனது பெரிய சர்ச்சையாயிற்று. அவரைக் கண்டித்து எழுதியவர் யார் தெரியுமா? மாற்றுச் சபையைச் சேர்ந்த டானியல் டீஃபோ. திருச்சபையோடு சேர்ந்து உண்பது பாவமில்லை என்றால் பிரிந்து நிற்பது பாவம், பிரிந்து நிற்பதுதான் சரி என்றால் பதவிக்காகச் சேர்ந்து உண்பது பாவம் என்பது அவருடைய வாதம். இது கடவுளோடு கண்ணாமூச்சி ஆடுவது என்றார். இந்த வழக்கத்தை 1711-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், 1719-இல் அந்தத் தடையை நீக்கினார்கள். திருவிருந்து நிபந்தனையோ 1828 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

இங்கே அங்கத எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட்டைக் கொண்டுவா. 1709-இல் அவர் எழுதிய சீர்திருத்தத் திட்டத்தில், பக்தியும் ஒழுக்கமும் உள்ளவர்களுக்கே ராணி பதவி தர வேண்டும் என்கிறார். அப்படிச் செய்தால் வேடதாரிகள் பெருகுவார்களே என்ற கேள்வியை அவரே எழுப்பிக்கொள்கிறார். இருபது பேரில் ஒருவர் உண்மையான பக்திக்கு வந்து, மற்ற பத்தொன்பது பேரும் வெறும் வேடதாரிகளாக இருந்தாலும் லாபமே என்று பதிலும் சொல்கிறார். நெடுநாள் வேடம் போடுவது பெரும் சிரமம், அந்தச் சலிப்பிலேயே பலர் தீய பழக்கத்தை விட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. ஸ்விஃப்ட் எழுதியது எல்லாமே அங்கதம் என்று நினைத்துப் பிள்ளைகள் இதையும் கிண்டலாக வாசிப்பார்கள். நான் இதை அப்படி வாசிக்கவில்லை. அதற்குச் சற்று முன்பு, கிறிஸ்தவத்தை ஒழிக்கக் கூடாது என்று பெயரளவுக் கிறிஸ்தவனின் குரலில் அவர் எழுதிய கட்டுரை அங்கதம். இது அவர் மனதாரச் சொன்னது. இரண்டையும் அடுத்தடுத்துக் கொடு, தொனியைப் பிரித்தறிய அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அதிக நாள் ஒதுக்க வேண்டியது நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங்குக்கு. 1742-இல் வந்த 'ஜோசஃப் ஆண்ட்ரூஸ்' நாவலின் முன்னுரையில், நகைப்புக்கு உரியதெல்லாம் பாவனையிலிருந்தே பிறக்கிறது, பாவனைக்கு வீண்பெருமை, வேடம் என்று இரண்டு ஊற்றுகள் என்கிறார். வீண்பெருமைக்காரன் கைதட்டு வாங்க நடிக்கிறான், வேடதாரி கண்டனத்துக்குப் பயந்து நடிக்கிறான். இரண்டில் வேடம் கலையும்போதுதான் வாசகனுக்கு வியப்பும் சிரிப்பும் அதிகம் என்பது அவர் கருத்து. வஞ்ச மனத்தான் ஒழுக்கத்தைக் கண்டு அவனுக்குள் இருக்கும் ஐந்து பூதங்களும் சிரிக்கும் என்கிற குறளை நீ பள்ளியிலேயே படித்திருக்கிறாய். அந்தச் சிரிப்பை ஃபீல்டிங் வெளியே கேட்க வைக்கிறார்.

முதல் பாகம், 12-ஆம் அத்தியாயத்தை வகுப்பில் வரிவரியாக வாசி. ஜோசஃபைத் திருடர்கள் அடித்து, உடுத்தியிருந்ததையும் உருவிக்கொண்டு, பள்ளத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். பயணிகள் வண்டி ஒன்று வருகிறது. முனகலை முதலில் கேட்பவன் முன்குதிரையில் உட்கார்ந்து ஓட்டும் பையன். நேரமாகிவிட்டது, போ என்கிறான் வண்டிக்காரன். உள்ளே இருக்கும் சீமாட்டி முதலில் இரக்கப்படுகிறாள், கிடப்பவன் உடம்பில் துணியில்லை என்றதும் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறாள். நம்மையும் கொள்ளையடிப்பார்கள், சீக்கிரம் போகலாம் என்கிறார் ஒரு முதியவர். ஜோசஃபை வண்டியில் ஏற்ற வைப்பவன் ஒரு வக்கீல். இவன் செத்தால் கடைசியாக இவனோடு இருந்தவர்கள் என்று நம்மைத்தான் பிடிப்பார்கள் என்று அவன் பயப்படுகிறான். இந்த இடத்தில் நிறுத்தி, உயிரைக் காப்பாற்றியது எது என்று கேள். பக்தி, கூச்சம், இரக்கம் எல்லாம் தோற்ற இடத்தில் வழக்குப் பயம் வேலை செய்திருக்கிறது.

உடம்பை மூடாமல் பெண்கள் இருக்கும் வண்டியில் ஏற மாட்டேன் என்கிறான் ஜோசஃப். வண்டியில் மேலங்கிகள் பல இருக்கின்றன. ஆண்கள் இருவரும் தங்களுக்கே குளிர்கிறது என்கிறார்கள். வண்டிக்காரன் இரண்டு அங்கிகளை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான், ரத்தக்கறை படும் என்று தர மறுக்கிறான். சீமாட்டியின் வேலையாளும் அதையே சொல்கிறான், சீமாட்டி அதை ஆமோதிக்கிறாள். முன்குதிரைப் பையனிடம் இருப்பது ஒரே ஒரு மேலங்கி. சக மனிதனை இப்படிக் கிடக்க விடுவதைவிட ஆயுள் முழுக்கச் சட்டையோடு குதிரை ஓட்டுவேன் என்று சத்தியம் போட்டு அதைக் கழற்றிக் கொடுக்கிறான். பயணிகள் அவனைக் கண்டிக்கிறார்கள், ஆணையிட்டுப் பேசினானாம்! பின்னால் இந்தப் பையன் கோழி திருடியதற்காக நாடுகடத்தப்பட்டான் என்று ஒரு அடைப்புக்குறிக்குள் ஃபீல்டிங் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த அடைப்புக்குறியைத் தவறவிடும் மாணவன் அத்தியாயத்தையே தவறவிடுகிறான். சட்டமும் ஊரும் கெட்டவன் என்று முத்திரை குத்திய ஒருவன்தான் அங்கே, பைபிள் கதையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன். சீமாட்டியின் கணக்கையும் ஃபீல்டிங் மறக்கவில்லை. ஜோசஃபுக்குக் கொடுக்கக் கொஞ்சம் சாராயம் இருக்கிறதா என்று கேட்டபோது, அந்த வாடையே தெரியாது என்று கோபித்துக்கொள்கிறாள். சற்று நேரத்தில் வழிப்பறிக்காரர்கள் அவளிடமிருந்து பறித்த வெள்ளிக் குப்பியில் உயர்ந்த பிரெஞ்சு பிராந்தி இருக்கிறது.

பார், யாருடைய உள்மனதையும் ஃபீல்டிங் திறந்து காட்டவில்லை. நடுவில் ஒரு பொருளை வைத்துவிட்டு, யார் கை அதை என்ன செய்கிறது என்று மட்டும் காட்டுகிறார். 1749-இல் வந்த 'டாம் ஜோன்ஸ்' நாவலிலும் இதே முறைதான். பட்டினி கிடக்கும் ஒரு குடும்பத்துக்கு உதவுவதற்காக, வளர்ப்புத் தந்தை கொடுத்த பைபிளை டாம் விற்கிறான். வாங்குபவன் அதே வீட்டில் டாமோடு வளரும் பிளிஃபில். வேதப் புத்தகம் வீட்டைவிட்டுப் பாதி விலைக்குப் போகக் கூடாது என்று அவனுக்குக் கவலை, அதனால் அந்தப் பாதி விலையைத் தானே கொடுத்து வாங்கிக்கொள்கிறான். பிறகு எல்லார் கண்ணிலும் படும்படி அதையே வாசிக்கிறான். கடினமான வசனங்களுக்கு விளக்கம் கேட்டு ஆசிரியர் த்வாக்கமிடம் அடிக்கடி போகிறான். பக்கங்களில் டாமின் பெயர் எழுதியிருப்பது அவர் கண்ணில் பட, டாமுக்குப் பிரம்படி விழுகிறது. பிளிஃபில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வேடத்தைப் பொய்யோடு ஒன்றாக்கிக் குழப்புகிற மாணவர்களுக்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

த்வாக்கமையும், அதே வீட்டிலிருக்கும் தத்துவவாதி ஸ்குவேரையும் வேகமாகக் கடந்துவிடு, பக்கத்துக்குப் பக்கம் ஃபீல்டிங்கே அவர்களை விளக்கிவிடுகிறார். ரிச்சர்ட்சனின் 'பமேலா' நாவல் நாயகியை வேடதாரியாக மாற்றி ஃபீல்டிங் 1741-இல் எழுதிய 'ஷமேலா'வுக்கு ஒரு வகுப்பு கொடு. ஆனால் அசலைப் படிக்காமல் கேலியை மட்டும் படிக்க விடாதே, ரிச்சர்ட்சனுக்கு அது அநியாயம்.

பொருளை வைத்துப் பார்க்கும் இந்த முறை ஓர் இடத்தில் பலிக்காது. யாருமே பார்க்காதபோதும் ஒருவன் தன்னை நல்லவன் என்று நம்பினால்? ஜோசஃப் பட்லர் ரோல்ஸ் சாப்பலில் செய்த பிரசங்கங்கள் 1726-இல் புத்தகமாயின. அதில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது பற்றிய ஒன்று, அடுத்தவன் மனைவியைப் பறித்துக்கொண்ட தாவீது ராஜாவின் பைபிள் கதையை எடுக்கிறது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனைப் பற்றி நாத்தான் தீர்க்கதரிசி சொன்னதும், அவன் சாக வேண்டும் என்று தாவீது கொதிக்கிறான். அந்தக் கோபம் உண்மையானது. 'நீயே அந்த மனுஷன்' என்று சொல்லும் வரை தன் ஞாபகமே அவனுக்கு வரவில்லை. பட்லரைக் கொடுத்துவிட்டு, மறுநாளே ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் 'ஹோலி வில்லியின் ஜெபம்' கவிதையைக் கொடு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல். ஸ்காட்லாந்தின் மாக்லின் ஊர்ச் சபை மூப்பர் வில்லியம் ஃபிஷர், கவிதையில் ஜெபம் செய்யும் வில்லி அவர்தான். அந்தச் சபை பர்ன்ஸின் நண்பரான வக்கீல் கேவின் ஹாமில்டன்மேல், ஆராதனைக்கு ஒழுங்காக வருவதில்லை என்பது போன்ற குற்றங்களைச் சுமத்தியது. மேல்சபையான ஏர் பிரெஸ்பிட்டரி ஹாமில்டன் பக்கம் தீர்ப்பளித்தது. கவிதை 1785-இல் எழுதப்பட்டுக் கைப்பிரதியாகச் சுற்றியது. 1786-இன் கில்மார்னாக் தொகுப்பில் பர்ன்ஸ் அதைச் சேர்க்கவில்லை, 1789-இல்தான் ஆசிரியர் பெயரில்லாமல் அச்சில் வந்தது.

ஜெபத்தின் வரிசையைக் கரும்பலகையில் எழுதிப் போடு. உம் மகிமைக்காக ஒருவனை மோட்சத்துக்கும் பத்துப் பேரை நரகத்துக்கும் அனுப்புகிறவரே என்று தொடங்குகிறது. அடுத்து, என்னைத் தேர்ந்தெடுத்தீரே என்ற நன்றி. பிறகு மெக் என்ற பெண்ணோடு தவறியதை ஒப்புக்கொள்கிறான். லிஸியின் மகளோடு மூன்று முறை, ஆனால் அந்த வெள்ளிக்கிழமை குடித்திருந்தேன் என்கிறான். கர்வம் ஏறாதிருக்க இந்த முள்ளை நீரே வைத்திருக்கிறீர் போலும், எடுக்கும் வரை தாங்கிக்கொள்கிறேன் என்று முடிச்சுப் போடுகிறான். அதே மூச்சில், ஹாமில்டனின் கூடையையும் களஞ்சியத்தையும், தோட்டத்துக் கீரையையும் உருளைக்கிழங்கையும் சபியும் என்று கேட்கிறான். அறையில் கடவுளைத் தவிர யாருமில்லை, ஆகவே இது ஊருக்காகப் போட்ட வேடமில்லை. தெரிந்தெடுக்கப்பட்டவன் என்ற கோட்பாட்டை வில்லி முழுக்க நம்புகிறான். அந்த நம்பிக்கைதான் பாவத்தையும் அருளாக மாற்றிக் கொடுக்கிறது. உரக்க வாசிக்க வை. ஆறு அடியில் நாலாவதும் ஆறாவதும் குட்டை அடிகள், வில்லி தன்னைக் காட்டிக்கொடுக்கும் சொல் பெரும்பாலும் அங்கே வந்து விழும்.

அடுத்து கட்டுரையாளர் சாமுவேல் ஜான்சன். ஒரு நல்ல குணத்துக்காக வாதாடுகிறவன் அதைத் தானே கடைப்பிடிக்கவில்லை என்பதற்காக அவனை வேடதாரி என்பது பெரிய அநியாயம் என்று 1750-இல் 'ராம்ப்ளர்' 14-ஆம் இதழில் எழுதினார். ஆசையை வெல்ல வேண்டும் என்று உண்மையாக நம்பியும் இன்னும் வெல்லாதவனாக அவன் இருக்கலாம். இதை இரண்டு உருவங்களோடு சேர்த்துப் படிக்கச் சொல். 1777 மே 8-இல் ட்ரூரி லேனில் ஷெரிடனின் 'தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்' மேடையேறியது. நீதிமொழியை வாயில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் மனைவியைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் ஜோசஃப் சர்ஃபேஸைப் பார்த்து லண்டன் சிரித்தது. அதே ஆண்டு ஜூன் 27-இல் அதே லண்டன், புகழ்பெற்ற பிரசங்கியான வில்லியம் டாட் தூக்கிலிடப்பட்டதைப் பார்த்தது. தம் பழைய மாணவரான செஸ்டர்ஃபீல்ட் பிரபுவின் பெயரில் 4,200 பவுனுக்குக் கள்ளப் பத்திரம் எழுதியது குற்றம். அவர் உயிரைக் காக்க மனுக்களையும் உரைகளையும் எழுதிக் கொடுத்தவர் ஜான்சன். நாடகத்தில் வேடதாரியைப் பார்த்துச் சிரித்தவர்கள் டாட்டை எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று விவாதிக்க விடு. தீர்ப்பை நீ சொல்லாதே.

கடைசி வாரத்தைச் சர்க்கரைக்கு வை. பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் வை, இளங்கோ. இதை விட்டுவிட்டு அந்த நூற்றாண்டின் வேடத்தைப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. 1710-இல் இறந்த கிறிஸ்டோஃபர் காட்ரிங்டன் பார்படோஸ் தீவிலிருந்த தம் கரும்புத் தோட்டங்களை, அடிமைகளோடு, ஒரு நற்செய்திச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். பின்னாளில் திருநெல்வேலிச் சீமையில் கோயில்களும் பள்ளிகளும் நடத்திய அதே எஸ்.பி.ஜி. என்னும் நற்செய்திப் பரப்பு சங்கம்தான். அந்தத் தோட்டத்து அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்ற சொல்லைச் சூடு போட்டார்கள். 1788-இல் கூப்பர் எழுதிய சிறு கவிதையில் ஒருவன் அடிமைகளுக்காக மனம் வருந்துகிறான், சர்க்கரையும் ரம்மும் இல்லாமல் எப்படி இருப்பது என்று வாயை மூடிக்கொள்கிறான்.

அடிமையாக விற்கப்பட்டு, தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கிய ஒலாடா எக்வியானோவின் தன்வரலாறு 1789-இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வந்தது. முன்பதிவுச் சந்தாவில் வந்த புத்தகம். வேல்ஸ் இளவரசர் முதல் பலருடைய பெயர்கள் தொடக்கத்திலேயே அச்சாகியிருக்கின்றன. இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில், ஒரே கப்பலில் வந்த சகோதரர்களைத் தனித்தனிக் குவியலாகப் பிரித்து விற்பதைச் சொல்லிவிட்டு, பெயரளவுக் கிறிஸ்தவர்களே, இதை உங்கள் கடவுளிடமிருந்தா கற்றீர்கள் என்று கேட்கிறார். அவர் யாரைக் கேட்கிறாரோ அவர்களில் பலர் காசு கொடுத்துப் பெயர் பதிந்து அந்தப் புத்தகத்தை வாங்கியவர்கள். அதனால் சந்தாதாரர் பட்டியலை முதலில் நகலெடுத்துக் கொடுத்து, பெயர்களை வாசிக்கச் சொல்லிவிட்டு, பிறகு அந்தப் பத்திக்குப் போ. பல மலிவுப் பதிப்புகளில் பட்டியலை நீக்கிவிடுகிறார்கள், வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா