உரிமத்தை ஒப்படைத்த நாள் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் வாடகை வீட்டைக் காலி செய்த எவருக்கும் ஒன்று தெரிந்திருக்கும். சாமான்களை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிய நாளில் வாடகை நிற்பதில்லை. சாவி வீட்டுக்காரர் கைக்குப் போன நாளில்தான் நிற்கிறது. அந்த நாள் எது என்பதில் தகராறு வந்துவிட்டால், கொடுத்துவைத்த பத்து மாத அட்வான்ஸில் எவ்வளவு திரும்பி வரும் என்பதும் தகராறாகிவிடும். தொலைத்தொடர்பு உரிமத்தைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கும் சிறிய நிறுவனங்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. இந்த ஒப்படைப்பை மின்வழியில் தாக்கல் செய்வதைப் பற்றிச் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன்.

நான் அல்சூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதிப் பிழைத்து ஓய்வு பெற்றவன். என்னிடம் கணக்குக் கொடுத்தவர்களில் கேபிள் தொழில் செய்தவர்களும், அதே கம்பிவழித் தொடர்பைக் கொண்டு வீடுகளுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியவர்களும் கணிசமாக இருந்தனர். 2013 ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த உரிம முறை வந்தபோது, இணையச் சேவைக்கு ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள் இருந்தன. ஏ பிரிவு நாடு முழுமைக்கும், பி பிரிவு ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு (ஏறக்குறைய ஒரு மாநில அளவு) அல்லது பெருநகருக்கு, சி பிரிவு அதனினும் சிறிய ஒரு பகுதிக்கு. நுழைவுக் கட்டணமும் அதற்கேற்ப 30 லட்சம், 2 லட்சம், 20 ஆயிரம் ரூபாய் என்று இறங்கிவந்தது. கையில் சொற்ப முதலை வைத்துக்கொண்டு அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் போன்ற இடங்களில் தொழில் நடத்திய நம்மவர்களுக்கு சி பிரிவே எட்டியது. உரிமத்தின் ஆயுள் 20 ஆண்டுகள். இருபது ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. ஐந்தாறு ஆண்டுகளிலேயே கடையைச் சாத்த நேரும் என்றும் யோசிக்கவில்லை.

ஒப்படைப்பதற்கான விதி, எழுத்தில் பார்த்தால், எளிமையானதுதான். குறைந்தது 60 நாட்களுக்கு முன்பாக உரிமம் வழங்கிய அதிகாரிக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சேவை நிற்கப்போவதாக ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 30 நாள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஒப்படைப்பு நடைமுறைக்கு வரும் நாள் வரை சேர வேண்டிய கட்டணங்களைச் செலுத்திவிட வேண்டும். அந்த நாள் என்பது, அறிவிப்பு அதிகாரியின் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் வரும் அறுபதாவது நாள். உரிமதாரர் கடிதம் எழுதிய நாளும் கணக்கில்லை, சேவையை நிறுத்திய நாளும் கணக்கில்லை. கிடைத்த நாளே கணக்கு. அந்த ஒரு சொல்லில்தான் சிறியவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

என் மைத்துனர் விழுந்ததும் அங்கேதான். 2019 இல் அவர் தம் இணையச் சேவையை மூடினார். இணைப்புகளையும் கருவிகளையும் பக்கத்துத் தெருவில் இருந்த வேறொருவருக்குக் கைமாற்றினார். நான் வற்புறுத்திய பிறகு, உரிமத்தை ஒப்படைப்பதாக ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். “கடையே இல்லை, இன்னும் என்ன அத்தான் கடிதம்?” என்று சலித்துக்கொண்டேதான் அனுப்பினார். அந்தக் கடிதத்துக்கான ஒப்புகை அட்டை திரும்பி வந்ததா, வந்து எங்கள் வீட்டுப் பழைய காகிதங்களோடு போய்விட்டதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அது முழுக்க எங்கள் கவனக்குறைவு. ஈராண்டு கழித்து, கணக்கு அறிக்கைகள் வரவில்லை என்று கேட்டு நோட்டீஸ் வந்தபோது, கடிதத்தின் நகலை மட்டும்தான் எங்களால் காட்ட முடிந்தது. நகல், அனுப்ப நினைத்ததற்குச் சான்று. கிடைத்ததற்குச் சான்று ஆகாது. மறுபடி கடிதம் எழுதி, அறுபது நாட்களைப் புதிதாக எண்ணத் தொடங்கினோம்.

இதில் பறிபோன பணம் பெரிதல்ல. உரிமக் கட்டணம் என்பது திருத்திய மொத்த வருவாயில், அதாவது அனுமதித்த கழிவுகள் போக மிஞ்சும் வருவாயில், 8 சதவீதம். வருவாயே இல்லாவிட்டாலும் இரண்டாம் ஆண்டு முதல் நுழைவுக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தபட்சமாகக் கட்ட வேண்டும். சி பிரிவுக்கு அது ஆண்டுக்கு 2 ஆயிரம் ரூபாய்தான். பி பிரிவுக்காரருக்கு 20 ஆயிரம், ஏ பிரிவுக்காரருக்கு 3 லட்சம் என்று எண்ணிப் பார்த்தால், ஒப்படைக்கும் தேதி தள்ளிப்போவதன் எடை விளங்கும். எங்களை வாட்டியது மற்றவை. காலாண்டு முடிந்த 15 நாட்களுக்குள் கட்டணம், கடைசிக் காலாண்டுக்கு மட்டும் மார்ச் 25 க்குள் முன்கூட்டியே கட்டணம், ஒவ்வொன்றுக்கும் அறிக்கை, வருவாய் சுழியம் என்று நான்கு முறை எழுதிக் கையெழுத்து. நாங்கள் கட்டத் தவறினால் வங்கி கட்டும் என்று அரசிடம் கொடுத்து, இன்னும் முடிவுக்கு வராத வங்கி உத்தரவாதத்துக்கு ஆண்டுதோறும் வங்கிக்குக் கமிஷன். அதற்கு ஈடாக வைத்த நிரந்தர வைப்புத்தொகையைத் தொட முடியாத நிலை. மூடிய கடைக்கு விளக்கு எரியவிட்டது போல இருந்தது.

மத்திய அரசு 2021 செப்டம்பரில் அறிவித்த சீர்திருத்தங்கள் இந்தச் சுமையை ஓரளவு குறைத்தன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். வங்கி உத்தரவாதத் தொகை 80 சதவீதம் குறைக்கப்பட்டது, தாமதக் கட்டணத்துக்கான வட்டி விகிதம் குறைந்ததோடு, மாதந்தோறும் கூட்டிய கூட்டுவட்டி ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆனது, அபராதமும் நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், கால் சென்டர்களும் பி.பி.ஓ. நிறுவனங்களும் செய்துகொள்ள வேண்டியிருந்த பதிவு முறையே எடுக்கப்பட்டது. பதிவே இல்லை என்றான பின் அதை ஒப்படைக்கும் தொல்லையும் இல்லை. பெங்களூருக்கு அது பெரிய விடுதலை. ஆனால் உரிமம் தேவைப்படும் சேவைகளுக்கு அப்படிச் செய்ய இயலாது. அங்கே வெளியேறும் வழியைச் செப்பனிடுவதுதான் தீர்வு.

உரிமத்துக்கு விண்ணப்பிப்பது தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்துக்கும், வருவாய் அறிக்கையும் கட்டணமும் சரஸ் தளத்துக்கும் வந்துவிட்ட நிலையில், ஒப்படைப்பும் மின்வழியில் நடப்பதே இயல்பு. ஆனால் கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து ஒரு தளத்தில் ஏற்றிவிட்டால் அது மின்வழி ஒப்படைப்பு ஆகிவிடாது என்பது என் உறுதியான கருத்து. அது தபால்காரருக்குப் பதில் இணையத்தை அனுப்பும் வேலை. அறிவிப்பு வந்து சேர்ந்த நொடியைத் தளமே பதிந்து, அறுபதாவது நாள் எந்தத் தேதியில் வருகிறது என்று அதே ஒப்புகைச் சீட்டில் அச்சிட்டுக் கொடுத்தால்தான் அது வேறொரு முறை ஆகிறது. நிலுவை எவ்வளவு என்பது பிறகு பேசித் தீர வேண்டிய கணக்கு. அது தீரும் வரை தேதியைத் தொங்கவிடக் கூடாது. மீட்டரை நிறுத்துவதும் பில்லைத் தீர்ப்பதும் வேறு வேறு காரியங்கள். பழைய பாக்கியை வசூலிக்கும் உரிமை அரசுக்கு ஒப்படைப்புக்குப் பின்னும் இருக்கிறது. ஆகவே இரண்டையும் பிரிப்பதால் அரசுக்கு நட்டம் எதுவும் இல்லை.

இதற்கு வெகுதொலைவு போய் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்யக் கோரி ரெக் 16 படிவத்தை இணையத்தில் தாக்கல் செய்தால், உடனே ஒப்புகை எண் வருகிறது. பதிவு இடைநிறுத்தப்பட்டு, வழக்கமான கணக்குகளைத் தாக்கல் செய்யும் கடமையும் அத்துடன் நிற்கிறது. பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கு ஒன்றைக் கொடுத்தால் போதும். ஜி.எஸ்.டி. தளத்தைப் புகழ்ந்து எழுதுவேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது சரியாகச் செய்கிறது. அமெரிக்காவிலும், கம்பியில்லாச் சேவை உரிமங்களைக் கையாளும் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தின் இணைய முறையில், உரிமதாரர் 601 ஆம் எண் படிவத்தின் வழியே தம் உரிமத்தைத் தாமே ரத்து செய்யக் கோரலாம். ரத்தான உரிமம் ரத்தானதாகவே பொதுமக்கள் தேடும் பட்டியலில் தெரிகிறது. அதே நாட்டில், பொதுமக்களுக்கான தொலைபேசிச் சேவையைக் கைவிட நினைக்கும் நிறுவனம் 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 214 ஆம் பிரிவின்படி முன் அனுமதி பெற வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாடிக்கையாளரைப் பாதிக்காத உரிமத்தையும், ஊரே நம்பியிருக்கும் சேவையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இனி, மின்வழி முறையை வடிவமைப்பவர்கள் அதிகம் கவனிக்காத ஓர் இடம். ஒப்படைக்க வருபவர், தொழில் தொடங்க வருபவரைப் போல ஆயத்தமாக இருப்பதில்லை. அவர் நிறுவனத்தில் ஆளில்லை. டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் என்றைக்கோ காலாவதியாகியிருக்கும். வெளியேறுவதற்காகவே அதைப் புதிதாக விலைக்கு வாங்க வேண்டும். ஓ.டி.பி. போகும் கைபேசி எண், வேலையை விட்டுப் போன ஊழியருடையது. என்னிடம் கணக்குக் கொடுத்த ஒருவர் தளத்தில் பதிந்திருந்த மின்னஞ்சல் முகவரி, அவருடைய சொந்த இணைய நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. சேவையை நிறுத்தினார், சேவையோடு முகவரியும் போயிற்று, கடவுச்சொல்லை மாற்றுவதற்கான கடிதம் இல்லாத பெட்டிக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவரைப் பார்த்துச் சிரிப்பதா, பரிதாபப்படுவதா என்று தெரியவில்லை. இத்தகையவர்களுக்காக, இயக்குநரின் ஆதார் வழி மின்கையெழுத்தையோ, நேரில் ஒருமுறை அடையாளம் காட்டிக் கணக்கை மீட்பதையோ ஏற்கும் ஒரு பக்கவாசல் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் காகிதத்தில் முடிந்த வேலைகூட இணையத்தில் முடியாமல் போகும்.

வாடிக்கையாளர் பக்கத்தையும் மறக்கக் கூடாது. முப்பது நாள் அறிவிப்பை அனுப்பினேன் என்று உரிமதாரர் சொன்னால் அதைச் சரிபார்க்க இன்று எளிய வழி இல்லை. ஒப்படைப்பு அறிவிப்பு வந்த உடனே, இன்ன பகுதியில் இன்ன நிறுவனத்தின் சேவை இன்ன நாளில் நிற்கிறது என்று பொதுத்தளத்தில் வெளியாகிவிட்டால், ஆண்டுச் சந்தாவை முன்கூட்டிக் கட்டியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்க நேரம் கிடைக்கும். அதோடு, வாடிக்கையாளர்களின் இணையப் பயன்பாட்டுப் பதிவுகளை ஈராண்டு பாதுகாக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டது. மூடிய நிறுவனம் அந்தப் பதிவுகளை யார் பொறுப்பில், எங்கே வைத்திருக்கிறது என்பதையும் ஒப்படைப்புப் படிவம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இது அரசுக்கும் நல்லது. பின்னாளில் யாரோ கதவைத் தட்டும்போது என்ன சொல்வது என்று தவிக்கும் உரிமதாரருக்கும் நல்லது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 1885 ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் 2023 ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், உரிமம் என்பதை அங்கீகாரம் என்ற புதிய முறைக்கு மாற்றுகிறது. பழைய உரிமங்கள் அவற்றின் காலம் முடியும் வரை நீடிக்கலாம் என்றும் அச்சட்டம் சொல்கிறது. புதிய முறைக்கு மாறுவதா, இருப்பதை வைத்துக்கொள்வதா என்று கேட்கப்படும் சிறு நிறுவனங்களுள், இரண்டும் வேண்டாம், விட்டுவிடுகிறேன் என்று சொல்ல நினைப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் பலர் இணைப்புகளை விற்றுவிட்டு, ஒப்படைப்பதை நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருப்பவர்கள் என்பதை என் தொழில் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். மாறுபவர்களுக்கான படிவம் இருக்கும் அதே பக்கத்தில், விடுபவர்களுக்கான படிவத்தையும் தொலைத்தொடர்புத் துறை வைக்க வேண்டும். அதில் ‘பெறப்பட்ட நாள்’ என்ற கட்டத்தை விண்ணப்பதாரரும் நிரப்பக் கூடாது, அலுவலரும் நிரப்பக் கூடாது. தளமே நிரப்பிப் பூட்டிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.