மாடி வீட்டுப் பாட்டு

அன்புள்ள பாபுவுக்கு,

அம்மா எழுதுவது. இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே சாப்பாட்டுப் பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் கடிதம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உன் பழைய ரெக்கார்டு பிளேயரைச் சாமான் அறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். திட்டாதே.

செவ்வாய்க்கிழமைகளில் நான் போய் உட்காரும் சேரிட்டி ஷாப்புக்கு, அதுதான் தானமாக வரும் பழைய சாமான்களை விற்கும் கடைக்கு, போன வாரம் யாரோ ஒரு பெட்டி ரெக்கார்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். துணியும் புத்தகமும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ரெக்கார்டு வந்தால் என் தலையில்தான் விழும். வழக்கம்போல பேக்பைப், சர்ச் பாட்டு, அட்டை கிழிந்த கிறிஸ்துமஸ் பாட்டுகள். நடுவில் ஏழு அங்குலத்தில் ஒரு சின்னத் தட்டு. லேபிளில் மேளம் அடிக்கிற பூனைப் படம், 80-5 என்று ஒரு எண். கீறல் இருக்கிறதா என்று பார்க்கக் கடையில் ஒரு பிளேயர் வைத்திருக்கிறோம். துடைத்துவிட்டு முள்ளை வைத்தேன்.

பாபு, அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். பாட்டு என்றுகூடச் சொல்லக்கூடாது, அதன் அடிப்பாகம் தெரியும்.

நான் கல்யாணமாகி எடின்பரோ வந்தது 1980 அக்டோபரில். அப்பாவுக்கு அப்போது படிப்பு முடியவில்லை. மார்ச்மாண்டில் கல் கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும். கேஸ் மீட்டரில் ஐம்பது பென்ஸ் காசு போட்டால்தான் சூடு வரும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அப்பா ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வர ஏழாகும். அந்த மூன்று மணி நேரம் இருக்கிறதே, அதைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் சொன்னதில்லை.

மேல்வீட்டில் ஒரு மாணவன் இருந்தான். அவன் பாட்டுப் போட்டால் கூரை வழியாகக் குரல் வராது, வார்த்தை வராது. தாழ்ந்த சுருதியில் வாசிக்கிற பேஸ் கிடார் மட்டும் மரப்பலகையில் இறங்கி வரும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அப்புறம் காலடிச் சத்தம், தலைக்கு மேலே அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. பிறகு திரும்ப அதே பேஸ், முதலிலிருந்து. சின்னத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டுதான், ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் முள்ளைத் தூக்கி வைத்தாக வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ பைத்தியம் நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஜனவரியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் அப்பாவை மேலே அனுப்பினேன். அவர் வேண்டா வெறுப்பாகப் போனார். அந்தப் பையன் மிகவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டானாம். அன்றோடு சரி, சத்தமே இல்லை. மறுநாள் நாலு மணிக்கு இருட்டியது. அடுப்பில் பருப்பு கொதிக்கிற சத்தம் மட்டும். நான் கூரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் கழித்து அப்பாவிடம், "அந்தப் பையனைத் திரும்பப் போடச் சொல்லுங்களேன்" என்றேன். சிரித்தார், போகவில்லை. நானாவது போயிருக்கலாம். பதினெட்டுப் படி. வாய் திறந்து ஆங்கிலம் பேசப் பயம். கோடையில் அவன் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டான். பேர்கூடத் தெரியாது.

அதே பேஸ், இத்தனை வருடம் கழித்துக் கடையின் பின்னறையில். இந்தத் தடவை அதன்மேல் ஒரு குரலும் இருந்தது. தாழ்ந்த குரல், அவசரமே இல்லாமல், பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோலப் பாடுகிறது. அந்தப் பையன் கேட்டது இதைத்தானா என்று இருந்தது. விலையை நானே கல்லாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பாட்டின் பேர் "இட்ஸ் கைண்டா ஃபன்னி". குழுவின் பேர் ஜோசப் கே. என்ன குற்றம் என்றே தெரியாமல் ஒரு காலையில் கைதாகிறானே, காஃப்காவின் "விசாரணை" நாவலில், அவன் பேர்தான். இதே எடின்பரோ பையன்கள் நாலு பேர். பாடியது பால் ஹெய்க், இன்னொரு கிடார் மால்கம் ராஸ், நான் கூரை வழியாகக் கேட்ட பேஸ் டேவிட் வெடல், டிரம்ஸ் ரானி டாரன்ஸ். மேளம் அடிக்கும் பூனை போஸ்ட்கார்டு என்ற கம்பெனியுடையது. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே, கிளாஸ்கோவில் ஆலன் ஹார்ன் என்பவர் தன் குடியிருப்பிலிருந்தே நடத்தியது. 80-5 என்றால் 1980-ல் வந்த ஐந்தாவது தட்டு, அவ்வளவுதான். மளிகைக் கடை ரசீது மாதிரி.

இனிமேல்தான் விஷயம். இவர்கள் 1980 கடைசியில் முதல் எல்.பி.யை, அதாவது நிறையப் பாட்டு உள்ள பெரிய தட்டை, பதிவு செய்து முடித்து, சோதனைத் தட்டும் அடித்தாகிவிட்டது. கேட்டுப் பார்த்துவிட்டு, ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, நாம் மேடையில் இப்படியா வாசிக்கிறோம் என்று மொத்தத்தையும் ஓரம் கட்டிவிட்டார்கள். திரும்ப வேக வேகமாக எல்.பி.யைப் பதிவு செய்தார்கள். எங்கே தெரியுமா? நீ இருக்கும் பிரஸ்ஸல்ஸில்! அதுதான் 1981 ஜூலையில் வந்த "தி ஒன்லி ஃபன் இன் டவுன்". ஆகஸ்டில் குழுவே கலைந்துவிட்டது. ஒரே எல்.பி. முதலில் ஒதுக்கியது பல வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது.

இரண்டையும் தேடிப் பிடித்துக் கேட்டேன். வெளியிட்டதில் இரண்டு கிடாரும் சேர்ந்து தேங்காய் துருவுகிற மாதிரி கரகரவென்று ஓடுகிறது, குரல் எங்கோ அடியில் கிடக்கிறது. வேண்டுமென்றேதான் அப்படிக் குறைத்து வைத்தார்களாம். ஒதுக்கியதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வெளியிட்டதைத்தான் கொண்டாடுவார்கள் போல. எனக்கு ஒதுக்கியதுதான் பிடித்திருக்கிறது. அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நாலு பேரும் இருபதை ஒட்டிய வயது, அந்த வயதில் நீ ஒரு முழு வருடப் படிப்பை விட்டுவிட்டு வந்து நின்றபோது நான் என்ன குதி குதித்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். அதனால் அதிகம் பேசவில்லை.

ராஸ் அதற்குப் பிறகு ஆரஞ்சு ஜூஸ் குழுவுக்கும், அங்கிருந்து அஸ்டெக் கேமராவுக்கும் போனார். ஹெய்க் தனியாகப் பாடினார், அதுவும் பிரஸ்ஸல்ஸ் கம்பெனி ஒன்றுக்கு, லே டிஸ்க் டு கிரெபுஸ்குல் என்று வாயில் நுழையாத பேர். நீ சரியாகச் சொல்வாய்.

உனக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் மோலன்பேக் பகுதியில் பழைய சர்க்கரை ஆலைக் கட்டடம் ஒன்று இருக்கிறது, ரஃபினரி என்கிறார்கள், இப்போது நடன மையம். அப்போது அதற்குப் பிளான் கே என்று பேர். 1980 டிசம்பர் 31 இரவு ஜோசப் கே குழுவினர் அங்கே வாசித்திருக்கிறார்கள். அந்த இரவு நானும் அப்பாவும் மார்ச்மாண்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம், மேல்வீட்டில் விளக்கே இல்லை. அவன் ஊருக்குப் போயிருப்பான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனால் வாசலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை.

அப்புறம் உன் பிளேயர். ஓடுகிறது, ஆனால் பெல்ட் தொய்ந்துவிட்டது. எல்.பி. போட்டால் ஹெய்க் குரல் ஜுரம் வந்தவர் மாதிரி இழுக்கிறது. முதல் நாள் நான் சின்னத் தட்டுக்கான 45 வேகத்தில் வைத்துவிட்டேன், அது வேறு கதை, ஏதோ அணில் கூட்டம் பாடுவதுபோல இருந்தது. பெல்ட் எந்த அளவு வாங்க வேண்டும் என்று பார்த்து எழுது, பின்பக்கத்து எண்ணைத் தனியாகக் குறித்து இதோடு வைத்திருக்கிறேன். ஸ்பீக்கருக்கு அடியில் பழைய ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன், கீழ்வீட்டில் புதிதாக ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். சின்னத் தட்டு மட்டும் இந்தப் பெல்ட்டிலேயே சமாளிக்கிறது. முடிந்ததும் எழுந்து போய்த் திரும்ப முள்ளை வைக்கிறேன். மூன்று தடவைக்கு மேல் முட்டி ஒத்துக்கொள்வதில்லை.

புளி அனுப்பட்டுமா?

அன்புடன்,
அம்மா