பிரேக் ஒயிலை நிரப்பிவிட்டு அனுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு,

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தப் பிரேக் பிடித்தபோதுதான் தம்பியின் ஹொண்டா சிஆர்-இசட் காரில் ஓட்டுநருக்கு முன்னால் உள்ள சிவப்புப் பிரேக் எச்சரிக்கை லைற் முதன்முதல் பற்றியது. ஹான்ட் பிரேக் இழுபட்டிருக்கிறதோ என்று பார்த்தோம், இல்லை. அடுத்த நாள் ஒரு கராஜில் காட்டினோம், பொனற்றைத் திறந்து “ஒயில் குறைஞ்சிருக்கு” என்று நிரப்பிவிட்டார்கள், லைற் அணைந்தது, நாங்களும் சந்தோசமாக வந்துவிட்டோம். அந்த ஒயில் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒழுக்கு இல்லாத வண்டியில் பிரேக் ஒயில் குறைந்தால் பெரும்பாலும் பாட், அதாவது சில்லோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் பிரேக் கட்டை, தேய்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பாட் தேயத் தேய, அதை அழுத்தும் கலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அதன் பின்னால் ஒயில் இறங்கி நிற்கும், மேலே டப்பாவில் மட்டம் குறையும். சில ஐரோப்பியக் கார்களில் பாட்டுக்குள்ளேயே வயர் வைத்துத் தனி லைற் கொடுத்திருப்பார்கள். அது இல்லாத வண்டியில் நிரப்பி அணைத்துவிட்டால் மிச்சமிருக்கும் எச்சரிக்கை கீச்சென்ற சத்தம் மட்டும்தான், அதையும் நாங்கள் புழுதி என்று விட்டுவிட்டோம்.

மூன்று கிழமை கழித்து ஒட்டுசுட்டானிலிருந்து வரும்போது இரும்பு உரசும் சத்தம். சில்லைக் கழற்றினால் வெளிப்பக்கப் பாட்டில் 5 மில்லிமீற்றர் இருக்கிறது, உள்பக்கத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் தகடு டிஸ்க்கை உழுது, நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். கலிப்பர் வழுக்கி அசைவதற்கான இரும்பு ஊசி துருவேறி இறுகிப்போயிருந்தது, அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது. சில்லு இடுக்கால் எட்டிப் பார்த்து “பாட் கிடக்கு” என்பவர்கள் வெளிப்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். புதுப் பாட் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் இருக்கும், 3க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும், மெல்லிய பக்கத்தை வைத்துத்தான் கணக்கு.

மஞ்சள் ஏபிஎஸ் லைற், அதாவது பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் தடுக்கும் அமைப்பின் லைற், வேறு விசயம். எங்கள் கிறவல் வீதிகளில் சில்லடி சென்சரில் சேறு பிடித்தாலும் அது பற்றும். பிரேக் பிடிக்கும், ஆனால் இறுக்கி மிதித்தால் சில்லு பூட்டிக்கொண்டு இழுபடும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து பற்றினால் ஓட்டவே வேண்டாம்.

கராஜ் வைத்திருக்கும் அண்ணன்மாரிடம் ஒன்றுதான் கேட்கிறேன். சிவப்பு லைற்றோடு ஒருவர் வந்தால் ஒயில் போத்தலைத் திறக்க முதல் சில்லைக் கழற்றி, இரண்டு பக்கப் பாட்டையும் அவருக்கே காட்டுங்கள், கூலியைத் தருகிறோம். மாங்குளம் தாண்டினால் இரவில் ஏ9 தாரிலேயே மாடு படுத்திருக்கிறது.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி