எரிந்தால் மட்டும் போதாது: சேலம் ஓடுதள விளக்குகளுக்காக ஒரு திறந்த மடல்

சேலம் விமான நிலைய விரிவாக்கத்துக்கும் இரவு நேரச் சேவைக்கும் திட்டம் தீட்டும் அலுவலர்களுக்கும், டெண்டர் விதிகளை எழுதும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் இரவிலும் விமானம் இறங்க வேண்டும் என்ற கோரிக்கையின் கதையை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நிலம் எடுப்பதில் உள்ள சிக்கல்களும் உங்கள் கோப்புகளிலேயே இருக்கின்றன. அண்மையில் ஓர் ஆலோசனைக் கூட்டத்தில், ஓடுதள விளக்குகளை எப்படிச் சோதித்து ஏற்பீர்கள் என்று கேட்டபோது, "போட்டுப் பார்ப்போம், எல்லாம் எரிந்தால் வாங்கிக்கொள்வோம்" என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் எங்களை எழுத வைத்தது.

விமான நிலையங்களுக்கான தரவிதிகளைச் சொல்லும், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14-ஆம் இணைப்பு 1951-லிருந்து இருக்கிறது. அதன் பராமரிப்பு அத்தியாயம் சொல்வது இது: ஒரு விளக்கின் முதன்மைக் கற்றையின் சராசரி ஒளிச்செறிவு, விதி குறிப்பிட்ட அளவில் 50 சதவீதத்துக்குக் கீழே போனால், அது பழுதான விளக்கு. எரிந்துகொண்டிருந்தாலும் பழுதுதான். கேட்-1 ஓடுதளம் (கருவிகளின் வழிகாட்டலில் துல்லியமாக இறங்கும் ஓடுதளங்களில் முதல் நிலை) என்றால் ஓர விளக்குகளில் 85 சதவீதமாவது தேறியிருக்க வேண்டும்; அடுத்தடுத்த இரண்டு விளக்குகள் பழுதாக இருக்கக் கூடாது. கருவி முறையில் இறங்கும் 1,806 மீட்டர் ஓடுதளத்துக்கு, 60 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் பக்கத்துக்கு ஏறத்தாழ 32 விளக்குகள் வரும். அவற்றில் எது பாதி வெளிச்சத்துக்கு இறங்கிவிட்டது என்று கண்ணால் சொல்ல யாராலும் முடியாது. கண்ணாடியில் புழுதி படிந்திருக்கும், விளக்கு ஓரிரு டிகிரி திரும்பியிருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் பளிச்சென்றுதான் தெரியும். ஒளியளவி பொருத்திய வண்டியை ஓட்டி அளந்தால்தான் உண்மை வெளிவரும்.

ஆகவே, விளக்குவாரியாக ஒளி அளவீட்டு அறிக்கை இல்லாமல் பில் பாஸ் ஆகக் கூடாது என்று டெண்டரில் எழுதுங்கள்.

அடுத்தது, மண்ணுக்குள் போகும் கேபிள். இதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓடுதள விளக்குகள் தொடர் சுற்றில், அதாவது ஒரே மின்னோட்டம் வரிசையாக எல்லாவற்றின் வழியும் போகும் சுற்றில், ஓடுபவை. சி.சி.ஆர். என்ற மின்னோட்டச் சீராக்கி, முழு வெளிச்சத்தில் 6.6 ஆம்பியரை விடாமல் தள்ளும். ஒவ்வொரு விளக்குக்கும் குழிக்குள் ஒரு ஐசோலேட்டிங் டிரான்ஸ்ஃபார்மர்; விளக்கைச் சுற்றிலிருந்து மின்வழியில் பிரித்து வைப்பது அது. ஐப்பசி மழையில் குழி நிரம்பி, கனெக்டர் தண்ணீரில் ஊறி, ஓரிடத்தில் எர்த் ஆனால் (மின்சாரம் மண்ணுக்குக் கசிந்தால்) வெளியே ஒன்றும் தெரியாது. எல்லா விளக்கும் எரியும். இரண்டாவது இடத்திலும் எர்த் ஆகும் அன்றுதான் மின்னோட்டம் நிலத்தின் வழியே குறுக்கே பாய்ந்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள விளக்குகள் மங்கும் அல்லது அணையும். நள்ளிரவில் கொட்டும் மழையில் டெக்னீஷியன் சி.சி.ஆரை நிறுத்திப் பூட்டி, சுற்றைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மெக்கர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்து, மறுபடியும் பாதியாக்கி, குழி குழியாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டு தேட வேண்டும். அவசரத்தில் ஓடும் சுற்றின் கனெக்டரைக் கழற்றினால், அங்கே எழும் மின்னழுத்தம் ஆளைக் கொல்லும்.

இதைத் தடுக்கப் பெரிய செலவும் இல்லை. குழியின் அடியில் ஜல்லியும் வடிகாலும், கனெக்டரை உயர்த்தி வைக்க ஒரு தாங்கி, கனெக்டரைச் சேர்க்கும்போது சேறு படாத கை, அதன் மேலே சூட்டில் சுருங்கி இறுகும் குழாய், மாதந்தோறும் மெக்கர் அளவு எழுதும் ஒரு பதிவேடு. அடுத்தடுத்த விளக்குகளை இரண்டு தனிச் சுற்றுகளில் மாற்றி மாற்றி இணைத்தால், ஒரு சுற்று போனாலும் ஓடுதளத்தின் வடிவம் விமானிக்குத் தெரியும். இவற்றையெல்லாம் எஸ்டிமேட்டில் வெட்டித்தான் செலவைக் குறைக்க வேண்டுமா?

பாப்பி (PAPI) விளக்குகளையும் மறந்துவிடாதீர்கள்; இறங்கும் உயரம் சரியா என்று சிவப்பு, வெள்ளை ஒளியால் விமானிக்குக் காட்டுபவை அவை. 3 டிகிரி இறங்குபாதைக்கு நான்கு பெட்டிகளும் 2°30', 2°50', 3°10', 3°30' கோணங்களில் நிற்க வேண்டும். மழையில் மண் ஊறி அடித்தளம் 10 நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு) சாய்ந்தால், 3 கிலோமீட்டர் தூரத்தில் காட்டும் பாதை ஏறத்தாழ 9 மீட்டர் மாறிவிடும். பக்கத்தில் சேர்வராயன் மலையை வைத்துக்கொண்டு அந்த 9 மீட்டரை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

நம் ஊரில் உயர்கோபுர விளக்குகளுக்கு என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். திறப்பு விழாவுக்குப் பணம் இருக்கிறது, பராமரிப்புக்கு ஒரு தலைப்பே இல்லை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மண் படிந்த பிரதிபலிப்பான்களைத் துடைக்க ஆள் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு மக்களுக்கு அலுத்துவிட்டது. விளக்கைப் பொருத்துவதோடு வேலை முடிந்தது என்ற அந்தப் பழக்கம் ஓடுதளத்துக்கும் வந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு கோபம். வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் பணிவோடு கேட்கிறோம். டெண்டரில் மூன்று வரிகள் சேருங்கள்: ஏற்பின்போது விளக்குவாரி ஒளி அளவீட்டு அறிக்கை, அதன் பிறகு குறித்த இடைவெளியில் மறு அளவீடும் மாதாந்திர மெக்கர் பதிவும், மின்சாரம் போனால் 15 விநாடிக்குள் ஜெனரேட்டர் சுமையை ஏற்பதை உண்மையான சுமையோடு சோதித்துக் காட்டுதல். விதிகளின் வரைவை இறுதி செய்யும் முன் பொதுவில் வெளியிட்டால், படித்துத் திருத்தம் எழுதித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சேலத்து மின்பணித் தொழில்நுட்பர்கள் சிலர்